ஒன்றரை ஆள்

சாலிகிராமத்தில் ஒரு லாண்டரிக் கடையின் மாடியில்
முட்டை அட்டை ஒட்டிய அறை.
வெளியே சித்திரை வெயில். உள்ளே
ஏசி போட்டால் மைக்கில் இரைச்சல் விழுமென்று
போடமாட்டார் பீர் முகமது.
முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு
நான் வேறொரு பிரபஞ்சத்துக்குப் போனேன்.

எபிசோட் பதினொன்று.
ஒரு விஞ்ஞானி. லிஃப்ட் கதவு திறக்கிறது.
அதே மாடி, சுவரின் நிறம் மட்டும் வேறு.
மேசையில் காபி குடித்துக்கொண்டு
அவளே உட்கார்ந்திருக்கிறாள்.
இவளுக்குப் புருவத்தில் தழும்பு.
அவளுக்கு இல்லை.
அந்த மழைநாளில் அவள் காரை எடுக்கவில்லை போல.
நானும் ஒரு மழைநாளில்
திண்டிவனம் வண்டியைத் தவறவிட்டவள்தான்.
அதைப் பீர் முகமதிடம் சொல்லவில்லை.

நடிகை ஒருத்தி. குரல் கொடுக்க நான் ஒருத்தி.
தழும்புக்காரிக்குக் கொஞ்சம் மூக்கடைத்த மாதிரி,
மற்றவளுக்கு அடிவயிற்றிலிருந்து
என்று பிரித்துக்கொண்டேன்.

முதல் வசனத்திலேயே நின்றுவிட்டேன்.
"நீ யாரு?" என்று எழுதியிருந்தது.
எப்படிண்ணே "நீ"ன்னு கேக்கறது,
இன்னிக்குத்தானே பாக்கறா?
பஸ்ஸில் முன்பின் தெரியாதவளிடம்கூட
"தள்ளி உக்காருங்க" என்றுதானே வரும்.
"தன்னைத்தானேம்மா கேக்கறா" என்றார்
கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து.
யோசித்துப் பார்த்தேன்.
என்னை நான் திட்டும்போது மட்டும்தான்
அந்த "நீ" வருகிறது.
"நீங்க" ஒரு டேக். "நீ" ஒரு டேக்.
இரண்டையும் வைத்துக்கொண்டார்.

கடைசிக் காட்சியில் வேறு சிக்கல்.
கதவு மூடப் பத்து வினாடி.
தழும்பில்லாதவள் சொல்லவேண்டும்:
"நாங்க வீட்டுக்குப் போறோம்."
நாங்க என்றால் அவளும் அவள் உலகமும்;
வந்தவள் வெளியே.
ஆனால் திரையில் அவள் உதடு
முதல் சொல்லிலேயே ஒட்டிப் பிரிகிறது.
ஙகரத்துக்கு உதடு எதற்கு?
அந்த வாய் கேட்பது மகரம்.
"நாம" என்றேன்.
ரவிக்கைக் கொக்கி மாதிரி மாட்டிக்கொண்டது.
"கதை மாறிடுமேம்மா."
"உதடு அப்படித்தானே இருக்கு."
மாற்றிவிட்டோம்.
அவர்கள் மொழியில் அவள் ஒருத்தி போனாள்.
தமிழில் இரண்டு பேரும் போகிறார்கள்.
கதவு மூடிய பின் என்ன ஆனதென்று
படத்தில் இல்லை, நல்லவேளை.

வவுச்சரில் தணிகாசலம்
ஒரு பெயர் எழுதினார், ஒரு தொகை.
ரெண்டு ஆளுக்குப் பேசியிருக்கேன் சார்.
ஒரே மூஞ்சிதானேம்மா.
தழும்பு இருக்கறவ ஒருத்தி, இல்லாதவ ஒருத்தி.
கால்குலேட்டரை எடுத்தார். வைத்தார்.
கீழேயிருந்து இஸ்திரி ஆவி ஜன்னலில் ஏறியது.
ஒன்றரை ஆளாகப் போட்டுக் கொடுத்தார்.
ரெவின்யூ ஸ்டாம்பின் மேல்
அமலோற்பவம் என்று கையெழுத்திட்டேன்,
அரை ஆள் எந்தப் பக்கத்து ஆள் என்று கேட்காமல்.

ஞாயிறு, பதினோரு மணி.
கே.கே. நகர் ஹவுசிங் போர்டு, மூன்றாவது மாடி.
நண்டு கழுவிக்கொண்டிருக்கிறேன்.
எதிர்வீட்டில் கேபிள், எங்கள் வீட்டில் டிஷ்.
டிஷ்ஷில் எல்லாமே இரண்டு வினாடி பிந்தித்தான்;
எங்கள் பந்துவீச்சாளர் ஓடிவரும்போதே
எதிர்வீட்டில் விக்கெட் விழுந்து கத்துவார்கள்.

இப்போது அங்கிருந்து என் குரல்,
கொஞ்சம் மூக்கடைத்தாற்போல்:
"நீங்க யாரு?"

அதைத்தான் வைத்திருக்கிறார் பீர் முகமது.

நண்டின் கால் விரலில் குத்திக்கொண்டு நிற்க,
இன்னும் கேட்கப்படாத என் வீட்டில்
இரண்டு வினாடி இருந்தது எனக்கு.
குழாயை மூடினேன்.